பழைய ஹும்மல் சட்டையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

போன கோடையில் எங்கள் ஊர்ச் சங்கம் நடத்திய உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒரு பெடியன், விளையாட்டு உடுப்புக் கம்பனியான ஹும்மல் செய்த 1986 டென்மார்க் தேசிய அணிச் சட்டை என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு பாதி முழுச் சிவப்பு, மறு பாதி மெல்லிய சிவப்பு வெள்ளைக் கோடு. "மாமா, ஒரிஜினல். 1800 குறோனர் குடுத்தனான்" என்றான். கழுத்துப் பட்டியைத் திருப்பி உள்ளே தைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். சலவைக் குறிப்பு ஏழெட்டு மொழிகளில் இருந்தது. அதற்குக் கீழே ஓர் இணையத்தள முகவரி. 1986 இல் எந்தச் சட்டைக்குள் இணையத்தள முகவரி இருந்தது? விளையாட்டு முடியும்வரை அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோல் அடித்திருந்தான், சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவனும் அவனுடைய கூட்டாளிகளும் சந்தையில் எதைக் கண்டாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். நான் இதில் பெரிய நிபுணன் இல்லை. 17 வயதில் டென்மார்க்குக்கு வந்தவன், 31 வருடம் சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். துணியும் சீட்டும் தையலும் எனக்குத் தெரியும். உதைபந்தாட்டம் அதற்கு முன்பே தெரியும்.

முதலில் ஒன்று. சட்டையைக் கையில் எடுத்தவுடன் தோளில் வரிசையாக இருக்கும் அம்புக்குறிகளை, ஹும்மலின் அடையாளத்தை, பார்க்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள் என்று போலி செய்கிறவனுக்கும் தெரியும், அதை அவன் ஒழுங்காகவே செய்து வைத்திருப்பான். எந்த அணி எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை ஹும்மலோடு ஒப்பந்தத்தில் இருந்தது என்பதைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். பாதிச் சட்டைகள் அந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும்.

இங்கே டேனிஷ்காரர் பலருக்கே தெரியாத ஒரு விஷயம், ஹும்மல் பிறப்பால் டேனிஷ் கம்பனி இல்லை. 1923 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் தொடங்கியது. மெஸ்மர் என்ற குடும்பத்தார் தொடங்கினார்கள். ஆல்பேர்ட் மெஸ்மர் ஒரு மழைநாளில் விளையாட்டுப் பார்க்கப் போனாராம், ஆட்டக்காரர்கள் சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தார்களாம், அதைப் பார்த்துத்தான் சப்பாத்தின் அடியில் குமிழ் வைக்கும் யோசனை வந்ததாம். கம்பனி சொல்லும் கதை இது. ஹும்மல் என்றால் ஜேர்மன் மொழியில் ஒரு வகை வண்டு, தேனீக்குத் தடித்த சொந்தக்காரன் மாதிரி. முத்திரையில் இருப்பதும் அந்த வண்டுதான். 1956 இல் கம்பனி கை மாறி, ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கெவலார் என்ற ஊருக்குப் போனது. டென்மார்க்கோடு உறவு பிறகு வந்தது, இன்று தலைமையகம் ஓஹூஸ் நகரில். 1999 இல் கிறிஸ்ரியன் ஸ்டாடில் என்ற டேனிஷ் தொழிலதிபர் கையில் எடுத்து, பழைய வடிவங்களையே திரும்ப நாகரிகமாக்கி விற்கத் தொடங்கினார். இந்தக் கடைசி விஷயம்தான் நமக்குத் தலையிடி. கம்பனியே தன் பழைய பாணியைப் புதிதாகச் செய்து விற்கும்போது "பழசு போல இருக்கிறது" என்பது ஒரு சாட்சியே இல்லை.

சரி, டென்மார்க் தேசிய அணிக்கு வருவோம். 1979 இல் இருந்து 2004 வரை ஹும்மல். பிறகு 2016 வரை அடிடாஸ். 2016 இல் திரும்பவும் ஹும்மல். இந்த மூன்று வரி போதும். 2010 தென்னாபிரிக்க உலகக் கிண்ணத்து டென்மார்க் சட்டை என்று யாராவது அம்புக்குறியோடு ஒன்றைக் காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். அதில் அடிடாஸின் மூன்று கோடுதான் இருக்கும்.

1986 சட்டையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அகதி முகாமில் ஒரே ஒரு தொலைக்காட்சி. மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணம் என்றபடியால் இங்கே இரவு வெகுநேரமாகும். ஈரானியர், லெபனான்காரர், நாங்கள் எல்லோரும் ஒரே வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். டென்மார்க் ஸ்கொட்லாந்தை 1-0, உருகுவேயை 6-1, மேற்கு ஜேர்மனியை 2-0 என்று வென்றது. உருகுவேக்கு எதிராக எல்கேயர் மூன்று கோல் போட்டார். அந்தப் பழைய பெட்டியில் பார்க்கும்போது சட்டையின் கோடு போட்ட பாதி றோஸ் நிறமாகத் தெரிந்தது. "ஏன்டா பாதியைப் பிழையாகத் தோய்ச்சிட்டாங்களோ" என்று பக்கத்தில் இருந்த அண்ணை கேட்டார். பிறகு சலவை வேலைக்குப் போய், சிவப்புத் துணியோடு வெள்ளையைப் போட்டு நானே றோஸ் ஆக்கியபோது அந்த அண்ணையைத்தான் நினைத்தேன். அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் 5-1 தோல்வி, புட்ராகேனோ தனியாக நாலு. அந்த ஆட்டத்தில் யெஸ்பர் ஓல்சன் பந்தைப் பின்னுக்குத் தட்டிச் செய்த பிழை டேனிஷ் மொழியில் ஒரு சொல்வழக்காகவே ஆகிவிட்டது. வேலையிடத்தில் யாராவது பெரிதாகச் சொதப்பினால் இன்றும் "அசல் யெஸ்பர் ஓல்சன்" என்பார்கள்.

அந்தச் சட்டையைச் சோதிக்க: கோடு போட்ட பாதியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு கை நீட்டிய தூரத்தில் பிடியுங்கள். கோடுகள் மெல்லியவை, தூரத்தில் ஒன்றாகக் கலந்து றோஸ் ஆக வேண்டும். மலிவான போலிகளில் கோடு தடிப்பாக இருக்கும், எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் கோடாகவே தெரியும். இரண்டு பாதிகளும் சந்திக்கும் நடுக்கோடு கழுத்தில் இருந்து கீழ் ஓரம் வரை சரிந்து போகாமல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். பத்துத் தரம் மெசினில் சுழன்று வந்தாலும் ஒழுங்காக வெட்டித் தைத்த துணி அந்தக் கோட்டில் முறுகாது.

1992 சட்டைக்கு வேறு சாவி இருக்கிறது. அந்த வருட ஐரோப்பியக் கிண்ணத்துக்கு டென்மார்க் தகுதி பெறவே இல்லை. யூகோஸ்லாவியா தடை செய்யப்பட்டதால், போட்டி தொடங்க இரண்டு கிழமைகூட இல்லாத நேரத்தில் கூப்பிட்டார்கள். போனார்கள், அரையிறுதியில் ஒல்லாந்தைத் தண்டனை உதையில் வென்றார்கள், யூன் 26 ஆம் திகதி கோதன்பேர்க்கில் ஜேர்மனியை 2-0 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். யோன் யென்சன் ஒன்று, கிம் வில்ஃபோர்ட் ஒன்று. ஆட்டக்காரர்களின் பெயரை முதுகில் போட்ட முதல் ஐரோப்பியக் கிண்ணம் அதுதான். ஆகவே 1984, 1988 என்று சொல்லும் சட்டையில் முதுகில் பெயர் இருந்தால் அந்தப் பெயர் பிறகு ஒட்டியது. 1992 என்று சொல்லும் சட்டையில் "மைக்கல் லாட்ரப்" என்று இருந்தாலும் வாங்காதீர்கள். டென்மார்க்கின் பெரிய ஆட்டக்காரரான அவர் பயிற்றுநரோடு முரண்பட்டு அந்தப் போட்டிக்கே போகவில்லை. தம்பி பிரையன்தான் ஆடினார். குடும்பப்பெயர் ஒன்று என்றபடியால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

லாட்ரப் கதை ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகச் சட்டையிலும் வரும். ரியல் 1985 இல் இருந்து 1994 வரை ஹும்மல் போட்டது. புட்ராகேனோவும் மிச்சலும் ஹியூகோ சாஞ்சேஸும் ஆடி, 1986 தொடக்கம் 1990 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை லீக் கிண்ணம் எடுத்த சட்டை. மைக்கல் லாட்ரப் பார்சலோனாவை விட்டு ரியலுக்கு வந்தது 1994 கோடையில். அதே கோடையில் ஹும்மல் போய் கெல்மே என்ற கம்பனி வந்துவிட்டது. டென்மார்க்கின் பெரிய ஆட்டக்காரரும் டென்மார்க்கோடு ஒட்டிய கம்பனியும் மாட்ரிட்டில் ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை. லாட்ரப் பெயர் போட்ட ஹும்மல் ரியல் சட்டை எனக்கு இதுவரை மூன்று பேர் காட்டியிருக்கிறார்கள். மூன்றையும் தொட்டுப் பார்க்கவே தேவைப்படவில்லை. ஸ்பெயின் லீக்கில் சட்டையில் பெயர் போடத் தொடங்கியதே 1995 இல்தான்.

ரியல் சட்டைக்கு வயது சொல்ல இன்னும் சுலபமான வழி, நெஞ்சில் இருக்கும் விளம்பரம். பார்மலாட் என்றால் 1985 முதல் 1989 வரை. ரெனி பிக்கோ என்றால் அதற்கு அடுத்த இரண்டு பருவம். ஒட்டாய்சா ஒரே ஒரு பருவம், 1991-92. தேக்கா 1992 இல் வந்து கெல்மே காலத்துக்கும் நீண்டது. ஆகவே தேக்காவும் அம்புக்குறியும் சேர்ந்திருந்தால் 1992 முதல் 94 வரை, வேறு வழியில்லை. ஒட்டாய்சா சட்டை ஒரு பருவம்தான் இருந்தது என்பதால் விலை சொல்லும்போது விற்பவர் கண் மின்னும். நீங்கள் முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள்.

இங்கிலாந்தில் ஸ்பேர்ஸ், அதாவது டொட்டன்ஹாம் கழகம், 1985 இல் இருந்து 1991 வரை ஹும்மல் போட்டது. விளம்பரம் இல்லாத ஸ்பேர்ஸ் சட்டையைக் கண்டவுடன் போலி என்று எறிந்துவிட வேண்டாம். 1987 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், கொவன்றியிடம் 3-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில், ஸ்பேர்ஸ் ஆட்டக்காரரில் கொஞ்சப் பேர் ஹோல்ஸ்டன் விளம்பரம் போட்ட சட்டையோடும் மற்றவர்கள் ஒன்றும் போடாத சட்டையோடும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். வருடத்தின் மிகப் பெரிய ஆட்டம், காசு கொடுத்தவன் பெயர் பாதி முதுகுக்கு மட்டும், இல்லை, பாதி நெஞ்சுக்கு மட்டும். யார் பெட்டியில் எடுத்து வைத்தாரோ, அவருடைய அன்றைய இரவை நினைத்துப் பார்க்கிறேன். துணிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது என் தொழில், அதனால் இந்தக் கதையைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிறு பிசையும்.

இங்கிலாந்தின் இன்னொரு கழகமான எவர்ட்டன் 2020 முதல் 2024 வரை ஹும்மல் போட்டது. அந்தக் கழகத்துக்கும் ஹும்மலுக்கும் அதற்கு 50 வருடம் முந்திய ஒரு முடிச்சு உண்டு. 1970 ஓகஸ்டில் செல்சியுடன் நடந்த சாரிட்டி ஷீல்ட் ஆட்டத்துக்கு எவர்ட்டனின் அலன் போல் வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். எல்லோரும் கறுப்புப் போட்ட காலம். ஹும்மல் காசு கொடுத்துப் போடச் சொன்ன சப்பாத்து. போல் பிற்காலத்தில் சொன்ன கதை என்னவென்றால், அந்தச் சப்பாத்து மட்டை போல இருந்ததாம், அதனால் தன் பழைய அடிடாஸ் சப்பாத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்கச் சொல்லி அதைப் போட்டு ஆடினாராம். ஒருநாள் மழை பெய்து பெயின்ற் கரைய, கறுப்பு வெளியே வந்து பிடிபட்டாராம். ஒப்பந்தம் என்பது எவ்வளவு பழைய கள்ள விளையாட்டு, பாருங்கள்.

இப்போது சட்டையைக் கையில் எடுக்கலாம்.

நான் முதலில் தொடும் இடம் கமக்கட்டு. உண்மையாக உடுத்த சட்டை அங்கேதான் முதலில் பழசாகும்: துணி கொஞ்சம் விறைக்கும், நிறம் ஒரு மாற்றுக் குறையும், ஓவர்லொக் தையலில் பஞ்சு கட்டும். அடுத்தது கழுத்தின் பின்பக்கம். பழசாகக் காட்டுவதற்காகக் கல்லுப் போட்டுத் தோய்த்த சட்டையில் நெஞ்சும் முதுகும் ஒரே அளவாக மங்கியிருக்கும், கமக்கட்டு மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். மனிதன் அப்படி வியர்க்கமாட்டான்.

துணியை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். 80களின் பொலியெஸ்டர் வழுவழுவென்று பளபளக்கும், இப்போதைய விளையாட்டுச் சட்டையை விடப் பாரம், ஈரம் பட்டால் உடம்போடு ஒட்டும். நகத்தாலோ மோதிரத்தாலோ இழை இழுபட்ட தடங்கள் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். இப்போதைய துணியில் வியர்வை போகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும். அந்தக் காலத்து விளம்பர எழுத்துகள் பல வெல்வெட் போல மயிர் எழும்பியவை. ஒரு பக்கமாகத் தடவினால் நிறம் ஒரு மாதிரி, மறு பக்கமாகத் தடவினால் வேறு மாதிரி. மழுமழுவென்ற பிளாஸ்ரிக் எழுத்தாக இருந்தால் ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 35 வருடத்தில் வெடிக்காத பிளாஸ்ரிக் எழுத்தை நான் கண்டதில்லை.

அப்புறம் சீட்டு. எங்கே செய்தது என்ற வரியைத் தேடுங்கள். "மேற்கு ஜேர்மனி" என்று இருந்தால் 1990 ஒக்டோபருக்கு முந்தியது, அந்த நாடே அதோடு முடிந்தது. சீட்டில் கியூ.ஆர். என்ற சதுரக் குறியீட்டுப் படமோ இணைய முகவரியோ இருந்தால் கதை முடிந்தது. புதிய சட்டை என்றால் உள்ளே இன்னொரு சின்னச் சீட்டில் மாதிரி இலக்கம் இருக்கும். அதை அப்படியே தேடிப் பாருங்கள், வேறு ஒரு பொருளின் படம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சீட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றால் பயப்பட வேண்டாம், கழுத்தில் குத்துகிறது என்று பாதிப் பேர் வெட்டுவார்கள். வெட்டிய அடித்தண்டு தையலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவை நம்பவே வேண்டாம். பழைய "பெரியது" இன்றைய "நடுத்தரம்" கூட இல்லை. உங்களுக்குப் பொருந்தும் ஒரு சட்டையை மேசையில் விரித்து ஒரு கமக்கட்டில் இருந்து மறு கமக்கட்டு வரை அளந்து எழுதி வையுங்கள். விற்பவரிடமும் அதே அளவைத்தான் கேளுங்கள். படம் கேட்பதானால் கழுத்துச் சீட்டு, உட்பக்கமாகத் திருப்பிய நெஞ்சு முத்திரை, கமக்கட்டு. இந்த மூன்றையும் அனுப்ப மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம். முத்திரை தையல் வேலையாக இருந்தால் உட்பக்கத்தில் நூல்கள் ஒழுங்காக வெட்டியிருக்கும். போலியில் குருவிக்கூடு போலக் கிடக்கும்.

சின்னமே தெரியாத ஒரு சட்டை உண்டு, அதை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். 2022 கட்டார் உலகக் கிண்ணத்துக்கு ஹும்மல் டென்மார்க்குக்குச் செய்தது. முத்திரை, வண்டு, அம்புக்குறி எல்லாம் சட்டையின் அதே நிறத்தில். சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை, மூன்றாவது முழுக் கறுப்பு, துக்கத்தின் நிறம் என்றே சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோரின் உயிரை வாங்கிய போட்டியில் தங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கம்பனி அறிவித்தது, கட்டார் தரப்பு அதை மறுத்துச் சண்டை பிடித்தது. சட்டை விற்பனையும் அதோடு சேர்ந்து நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் என் மச்சான் கட்டாரின் தோகாவில் கம்பி கட்டும் வேலை செய்தவர். நான் கறுப்பு ஒன்று வாங்கினேன், போடவில்லை, வைத்திருக்கிறேன். அணி முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது.

இதே மாதிரி 2016 இல் ஆப்கானிஸ்தான் பெண்கள் அணிக்குச் செய்த, தலைமூடி உள்ளேயே சேர்ந்து வரும் சட்டை ஒன்றும் உண்டு. டென்மார்க்கில் வாழும் முன்னாள் அணித்தலைவி காலிதா போபால் முன்னின்று செய்தது. அது கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்குவேன்.

காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு என் யோசனை, தேசிய அணியையும் ரியலையும் விட்டுவிட்டு ஊர்க் கழகச் சட்டைகளைத் தேடுங்கள். டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான யூட்லாந்தில் ஒவ்வொரு சின்ன ஊரிலும் உதைபந்தாட்டத்துக்கும் ஹாண்ட்போல் என்ற கைப்பந்தாட்டத்துக்கும் ஹும்மல் போட்ட கழகம் ஒன்று இருந்திருக்கும். சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் 30, 40 குறோனருக்குக் கிடக்கும். போலி செய்ய யாரும் மினக்கெடமாட்டார்கள், எல்லாம் அசல். முதுகில் அந்த ஊர் இறைச்சிக் கடையோ தச்சுப் பட்டறையோ பெயர் போட்டிருக்கும், கீழே தொலைபேசி எண். வயதைச் சொல்வது அந்த எண்தான். 80களின் முடிவில்தான் டென்மார்க் எல்லா இடத்துக்கும் எட்டு இலக்க எண்ணுக்கு மாறியது. அதற்கு முன் ஊருக்கு ஊர் 0 வில் தொடங்கும் இரண்டு இலக்கக் குறியீடு தனியாக இருந்தது, எங்கள் பக்கம் 07. பிறகு அதுவே 97 ஆனது. 07 என்று தொடங்கும் எண் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 80களின் முடிவுக்கு முந்தியது என்று சொல்லலாம்.

வாங்கியதைத் தோய்ப்பது பற்றி. உட்பக்கமாகத் திருப்பி, 30 பாகையில், சிவப்பைச் சிவப்போடு மட்டும். வெல்வெட் எழுத்து இருந்தால் மெசினே வேண்டாம், வாளியில் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டுக் கையால் அலசுங்கள், பிழியாமல் துவாயில் சுற்றி அமத்துங்கள். உலர்த்தும் மெசினில் போட்டால் எழுத்தை வடிகட்டியில் இருந்துதான் பொறுக்குவீர்கள், நான் பொறுக்கியிருக்கிறேன். எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்கவே கூடாது. தோளில் கம்பி மேடு விழாமல் தடித்த மரக் கொழுவியில் நிழலில் தொங்கவிடுங்கள்.

நான் அப்படித் தொங்கவிட்டிருப்பவற்றில் முதலாவது, முகாமில் செஞ்சிலுவைச் சங்கம் வைத்த உடுப்புப் பெட்டியில் இருந்து எடுத்தது. அப்போது குளிருக்கு உள்ளே போட ஏதாவது வேண்டும் என்றுதான் எடுத்தேன், ஹும்மலா என்ன என்று தெரியாது. பச்சை நிறம், வெள்ளை அம்புக்குறிகள், இடது கமக்கட்டு கிழிந்து நான் தைத்தது. முதுகில் ஓர் இறைச்சிக் கடையின் பெயரும் 07 இல் தொடங்கும் எண்ணும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் 0 வை 9 ஆக்கி அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். ஒரு பல் வைத்தியர் நிலையத்தில் எடுத்தார்கள். பேசாமல் வைக்க வெட்கமாக இருந்தது, அடுத்த செவ்வாய்க்கு நேரம் எடுத்துவிட்டேன்.